சுடுமணலுக்கு ஒரு கற்பனை விலங்கு உருவாக்குவது எப்படி?

கடும் வெப்பத்தில் வாழும் கற்பனை விலங்கு ஒன்றை வரைந்து விளக்கச் சொல்லி என் மகளுக்குப் பள்ளியில் வேலை கொடுத்திருந்தார்கள். மூன்று மாலை இருவரும் உட்கார்ந்து செய்தோம். பெயர் மணலோடி, கீரி அளவு.

1. இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். 'பாலைவனம்' என்று மட்டும் எழுதினால் போதாது. நாங்கள் எடுத்தது சகாராவின் மணற்குன்று, கோடை நண்பகல். அப்போது மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒரு முழம் தோண்டினால் சூடு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் வளை கட்டாயம் வேண்டும்.

2. உடலை வரையும் முன் நாளை வரையுங்கள். கட்டம் போட்ட நோட்டில் மணிக்கு ஒன்றாக 24 கட்டம். எப்போது வெளியே, எப்போது வளைக்குள் என்று நிரப்புங்கள். வரையும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2பி பென்சிலும் நல்ல அழிப்பானும் போதும், நிறைய அழிக்க வேண்டிவரும்.

3. தோலும் காலும். இதற்குச் சகாராவின் வெள்ளி எறும்பைப் பாருங்கள். அதன் முடிகள் முக்கோணக் குறுக்குவெட்டு கொண்டவை. வெயிலைத் திருப்பி அனுப்பும், உடல் சூட்டையும் வெளியே கதிர்வீசும். நீண்ட கால்கள் உடலைச் சுடுமணலிலிருந்து தூக்கிப் பிடிக்கின்றன. இரண்டையும் மணலோடிக்குக் கொடுத்தோம்.

4. காது. இங்கேதான் ஒரு மாலை முழுக்கப் போனது. ஃபென்னெக் நரியைப் பார்த்துப் பெரிய காது வரைந்தோம், காது வழியாகச் சூடு வெளியேறும் என்று. அப்புறம் எண்களை எழுதிப் பார்த்தோம். உடல் 39 டிகிரி, வெளிக்காற்று 46 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு எப்போதும் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். அப்படியானால் அந்தப் பெரிய காது காற்றின் சூட்டை உள்ளே இழுக்கும்! ஃபென்னெக் பகலில் வளைக்குள் படுத்துக்கிடந்து இரவில் வேட்டையாடும் விலங்கு. குளிர்ந்த காற்றில்தான் அந்தக் காது சூட்டை வெளியேற்றும்.

சரி, காதைச் சிறிதாக்கினோம். சூட்டை எங்கே வைப்பது? ஒட்டகம் வழி காட்டியது. தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் காலையில் 34 டிகிரி அளவில் இருந்து, பிற்பகலில் 40 வரை ஏறும். சேர்ந்த சூட்டை வியர்வையில்லாமல் இரவில் விட்டுவிடும். ஆனால் கீரி அளவு உடல் சீக்கிரமே சூடேறிவிடும். ஆகவே மணலோடி பத்து நிமிடம் வெளியே ஓடும், உடனே வளைக்குத் திரும்பிக் குளிர்ந்த தரையில் வயிற்றை அழுத்திப் படுக்கும். அமெரிக்கப் பாலைவனத் தரை அணில் ஒன்று உண்மையிலேயே இப்படிச் செய்கிறது. எங்கள் மணிக்கட்டங்களைப் பத்து நிமிடக் கட்டங்களாக மாற்ற வேண்டியதாயிற்று. நீங்கள் நண்பகல் பகுதிக்கு முதலிலேயே அப்படிப் போட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் தண்ணீர் பற்றிக் கேட்டார். சகாராவின் ஜெர்போவா எலி உணவிலுள்ள ஈரத்தைக் கொண்டே வாழ்கிறது. மணலோடிக்கும் அதுவே.

இன்னொன்று: "இவ்வளவு சூட்டில் அது ஏன் வெளியே வரவேண்டும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். இதை நான் முதல் படியிலேயே எழுதியிருக்க வேண்டும். வெள்ளி எறும்பு வெளியே வருவது, வெயிலில் செத்து விழுந்த பூச்சிகளைப் பொறுக்க. அந்த எறும்பை உண்ணும் பல்லி அந்நேரம் சூடு தாங்காமல் ஒதுங்கியிருக்கும். மகளிடம் சொன்னேன். மணலோடியின் வாயில் ஒரு செத்த வண்டை வரைந்து சேர்த்துவிட்டாள்.