கொண்டைக்குள் என்ன வைக்கிறீர்கள்?

போன மாதம் என்னிடம் சிகை அலங்காரத் தொழில் பழக இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவர் பையிலும் ஒரே பொருள்: கொண்டை புடைப்பாகத் தெரிய உள்ளே வைக்க, காரைக்குடிக் கடைத்தெருவில் வாங்கிய ஸ்பாஞ்ச் வளையம். அதைப் பார்த்ததும் பழைய வயிற்றெரிச்சல் திரும்பிவிட்டது. சீப்பைக் கழுவி வை, கொண்டை ஊசியை எண்ணி எடு என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை இரண்டு நாளில் தானாக வந்துவிடும்.

ஸ்பாஞ்சை நம்புவது

சில ஆண்டுகளுக்கு முன் கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டு முற்றத்தில் நாடகம் போட்டார்கள். கதை 1905இல் நடக்கிறது. கலெக்டரின் மனைவியாக வரும் துரைசானிக்கு, நெற்றிக்கு மேல் முடி புடைத்து எழும் பாம்படோர் அலங்காரம் வேண்டும். நான் ஸ்பாஞ்ச் வளையத்தை வெட்டி நீளமாக்கி, உச்சியில் வைத்து, மேலே முடியை வாரிப் போர்த்தி, இருபது ஊசி குத்தினேன். கண்ணாடியில் பார்க்க அத்தனை லட்சணம். அதன்மேல் தொப்பி வைத்து, அந்தக் காலத்து வழக்கப்படி நீண்ட தொப்பி ஊசியும் செருகியாயிற்று.

சித்திரை வெயில். இரண்டாம் காட்சியில் துரைசானி தொப்பியைக் கழற்றினார். கூடவே ஸ்பாஞ்சும் வந்தது. வந்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விழுந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை "எலி!" என்று கத்தியது. அதற்குமேல் நாடகம் எங்கே நடக்கும்? பேசிய கூலியில் பாதிதான் கைக்கு வந்தது. அதுகூடப் போகட்டும், அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் திணிப்புக்கு அமெரிக்கப் பெண்கள் வைத்திருந்த பெயரே 'எலி'தான். ஆனால் அவர்கள் எலி ஸ்பாஞ்ச் இல்லை, சொந்த முடி. சீப்பில் வந்ததை, மூடியில் துளையிட்ட ஒரு சிறு கிண்ணத்துக்குள் நாள்தோறும் போட்டுச் சேர்ப்பார்கள். நம் அப்பத்தாக்கள் மட்டும் என்ன செய்தார்கள்? உதிர்ந்ததை விரலில் சுருட்டி ஓட்டு இடுக்கில் செருகி வைத்து, சவுரி கட்டக் கொடுத்தார்கள்.

முடி உருண்டைக்குள் கொண்டை ஊசி நுழைந்து, அடியில் இருக்கும் தலைமுடியைக் கவ்வி, திரும்பி உருண்டையையும் கவ்வும். ஸ்பாஞ்சில் ஊசி பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. நீங்கள் ஸ்பாஞ்சை ஸ்பாஞ்சோடு குத்திக்கொண்டிருக்கிறீர்கள், தலையோடு அல்ல. தொப்பியோ பூவோ அழுத்தினால் அமுங்கும், எடுத்ததும் துள்ளும். நிறமும் காட்டிக்கொடுக்கும்: முடி எங்கே விலகினாலும் உள்ளே தெரிவது முடியாக இருந்தால் யாரும் கவனிப்பதில்லை.

ஆகவே இரண்டு மூன்று மாதம் பொறுமையாக முடி சேருங்கள். சீயக்காய் போட்டு அலசி, எண்ணெய்ப் பிசுக்கு போக நிழலில் உலர்த்தி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். நடுவில் தடிமனாக, இரு முனையும் வாழைப்பூ நுனிபோல் ஒடுங்க வேண்டும். முடி நிற வலையில் சுற்றி முனைகளைத் தைத்துவிடுங்கள். தலையில் வைக்கும் முன், உச்சியில் ஒரு கொத்து முடியை எடுத்துச் சிறிய சடை பின்னுங்கள். உருண்டையை அந்தச் சடையோடு சேர்த்துக் குத்தினால், நாற்காலியில் அமர்ந்து தூங்கி விழுந்தாலும் அசையாது.

பஞ்சு

வியர்வையை உறிஞ்சிக் கட்டியாகும். வேண்டாம்.

அளவு

போர்த்தும் முடி எவ்வளவோ அதற்குத் தக்க உருண்டை. மெல்லிய கூந்தலின் கீழ் பெரிய உருண்டை வைத்தால் வழுக்கைபோல் வெளியே தெரியும். 1770களில் பிரான்சில் தலைமேல் மெத்தை வைத்துக் கோபுரம் கட்டினார்கள் என்று படம் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் முடியைக் கொழுப்புக் களிம்பாலும் மாவாலும் கெட்டிப்படுத்தினார்கள். பொய்முடியும் தாராளமாகச் சேர்த்தார்கள். அன்று காலை ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வந்த வழுக்கும் தலையில் அதைக் கேட்கக் கூடாது.

சூட்டுக் கருவி

செயற்கை இழை உருண்டைக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். உருகும்.

பூச்சரம்

இது நம் ஊருக்கே உரிய தொல்லை. ஆண்டாள் கொண்டையோ தாழ்ந்த பக்கக் கொண்டையோ, போட்டு முடித்ததும் வீட்டுப் பெண்கள் நாலைந்து முழம் மல்லிகையைக் கொண்டுவந்து, மகிழ்ச்சியாக உருண்டையிலேயே கட்டிவிடுவார்கள். ஈரம் தெளித்த பூவின் கனம் கொண்டையை மெல்லப் பிடரிக்கு இறக்கிவிடும். முகூர்த்தத்துக்குள் கழுத்தில் உட்கார்ந்திருக்கும். சரத்தின் இரு முனையையும் அடிமுடியில் குத்துங்கள். மாமியாரே வந்து நின்றாலும் நீங்களே குத்துங்கள்.

அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி இப்போது பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் முடி சேர்க்கிறாள். "வீட்டுக்குள் முடியைச் சேர்த்தால் தரித்திரம் வரும் என்று அம்மா திட்டுகிறார் அக்கா" என்றாள். பாட்டிலை என் கடை அலமாரியில் கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.