கோத்திக் நாவலில் காதலைப் படித்தீர்கள், கணக்கைப் படித்தீர்களா?

ஆங்கில கோத்திக் நாவல்கள், அதாவது பழைய கோட்டையும் ரகசியமும் அச்சமுமாக ஓடும் கதைகள், பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைப் பல வருடங்களாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். போன வாரம் வந்த கட்டு முழுக்க நான் இருபது வயதில் செய்த அதே பிழைகள். 'ஜேன் அய்ர்' எழுதிய ஷார்லட் பிராண்டியையும் 'வுதரிங் ஹைட்ஸ்' எழுதிய அவர் தங்கை எமிலி பிராண்டியையும் குழப்பிக்கொள்வதெல்லாம் இங்கே வேண்டாம், அது தானாகச் சரியாகிவிடும். சரியாகாதவை வேறு.

பேயைத் தேடி அலைவது

ஆன் ராட்கிளிஃப் 1794-இல் எழுதிய 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலில் நள்ளிரவு ஓசை, கறுப்புத் திரை எல்லாம் உண்டு. ஆனால் வில்லன் மொண்டோனி கதாநாயகி எமிலியைக் கோட்டைக்குள் வைத்துக்கொண்டு கேட்பது, சொத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு கையெழுத்து. மர்மங்களுக்கெல்லாம் கடைசியில் சாதாரண விளக்கம் வந்துவிடுகிறது. கையெழுத்து கேட்டது மட்டும் நிஜம்.

கவர்னஸை 'ஆயா' என்று எழுதுவது

கௌரவமான குடும்பத்தில் வளர்ந்து, படித்து, கையில் காசில்லாததால் இன்னொருவர் வீட்டில் தங்கிப் பாடம் சொல்லித் தருபவள் கவர்னஸ். சமையலறையிலும் சேர்த்தி இல்லை, கூடத்திலும் இடம் இல்லை. கவர்னஸான ஜேன் அய்ர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, விருந்தாளியாக வந்த சீமாட்டி பிளான்ச் இங்கிராமும் அவள் அம்மாவும் ஜேனின் காதுபடவே கவர்னஸ்களை ஏளனம் பேசுவார்கள். 'ஆயா' என்று போட்டால் அந்தக் காட்சியின் உயிர் போய்விடும்.

'வுதரிங் ஹைட்ஸ்' நாயகன் ஹீத்கிளிஃப்பை லட்சியக் காதலனாக்குவது

தன்னை நம்பி இசபெல்லா வீட்டைவிட்டு ஓடிவரும் இரவில் அவளுடைய நாயை அவன் என்ன செய்தான் என்று படித்துவிட்டு வாருங்கள்.

பவுண்டு வரும் வரிகளைத் தாண்டிப் போவது

என் நான்கு மாத உழைப்பைத் தின்றது இதுதான். 'ஜேன் அய்ர்' (1847) பற்றி, காதல் வர்க்கத்தைக் கடந்து விடுகிறது என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதி ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: "இவளுக்குச் சம்பளம் எவ்வளவு?" பெண்ணின் ஆன்மாவைப் பற்றி எழுதியிருக்கிறேன், இந்த மனிதர் சம்பளம் கேட்கிறாரே என்று கோபம் வந்தது. கோபத்தில்தான் நாவலைத் திரும்ப எடுத்தேன்.

லோவுட் பள்ளியில் ஆசிரியையாக ஜேனுக்கு வருடத்துக்கு 15 பவுண்டு, ராச்செஸ்டரின் தார்ன்ஃபீல்டு மாளிகையில் கவர்னஸாக 30. அவரோடு கல்யாணம் நிச்சயமானதும் ராச்செஸ்டர் அவளைக் கடைக்கு அழைத்துப் போய்ப் பட்டும் நகையுமாக வாங்கித் தள்ளுகிறார். அவளுக்குக் கூசுகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் அதே 30 பவுண்டுக்கு, அவர் பொறுப்பில் வளரும் சிறுமி அடேலுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன் என்கிறாள். தனக்கென்று நாலு காசு இருந்தால் தேவலை என்று நினைத்து, மடீராவில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கல்யாணச் செய்தியை எழுதிப் போடுகிறாள். அந்தக் கடிதம் போய்ச் சேரும்போது அங்கே தற்செயலாக இருப்பவன் மேசன், ராச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தாவின் சகோதரன். அந்த மனைவி இன்னும் உயிரோடு இருப்பது அவன் மூலம் வெளிவந்து, தேவாலயத்தில் கல்யாணம் நின்றுபோவது இதனால்தான். நான் அதை விதி என்று எழுதியிருந்தேன்! ஒரு சம்பளக்காரியின் ரோஷம் அனுப்பிய கடிதம் அது.

சரி, பெர்த்தா? மனநோய் கண்டதால் மாடியறையில் பூட்டப்பட்ட பெண் எதற்குக் குறியீடு என்று ஆளாளுக்குப் பத்துப் பக்கம் எழுதுகிறார்கள். அவளோடு வந்த 30,000 பவுண்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. எஸ்டேட்டைப் பிரிக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் மூத்தவனுக்கே விட்ட அப்பா, இளையவன் ராச்செஸ்டருக்கு ஜமைக்காவில் பார்த்து முடித்த சம்பந்தம் அது. வேண்டாம் என்றால் விலகவும் வழியில்லை. மனைவியின் மனநோய் இங்கிலாந்துச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணமானதே 1937-இல்தான்.

அப்புறம் ஜேனுக்குச் சித்தப்பாவின் 20,000 பவுண்டு வருகிறது. உறவினர் மூவரோடு நான்காகப் பிரித்துத் தன் பங்காக 5,000 வைத்துக்கொண்டு ராச்செஸ்டரிடம் திரும்புகிறாள். 'பணத்தால் சமமாகிவிட்டாள்' என்று அடுத்த கட்டுரை கிளம்பும். அதையும் நான் எழுதியிருக்கிறேன். திருமணமான பெண்ணின் சொத்தை முழுமையாக அவளுடையதாக்கிய சட்டம் 1882-இல் வந்தது. அதற்கு முன்னால், தனியாக ஒப்பந்தம் எழுதி வைக்காவிட்டால், மனைவியின் ரொக்கம் கணவனுடையது. அந்த 5,000-உம் மணமேடையோடு சரி.

ஜேன் ராச்செஸ்டரிடம் பேசுவதை 'நீ' போட்டுத் தமிழில் மேற்கோள் எழுதுவது

எனக்கு இப்போது சொத்து இருக்கிறது, நான் யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை என்று ராச்செஸ்டரிடம் சொல்லும் அதே வாக்கியத்தில் ஜேன் அவரை 'சார்' என்றுதான் அழைக்கிறாள்.