பயிற்சி முடியும் நேரமா, வீடு சேரும் நேரமா? இணைப்பாடவிதானச் செயற்பாடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் மலையகத்தில், விளையாட்டு, பேச்சு, நாடகம் போன்ற இணைப்பாடவிதானச் செயற்பாடுகளால் பிள்ளையின் படிப்புக் கெடுகிறது என்று பெற்றோர் முறையிடும்போது, குறை பெரும்பாலும் செயற்பாட்டில் இருப்பதில்லை. நேரக் கணக்கில் இருக்கிறது. பாடசாலை பிற்பகல் 1.30க்கு விடுகிறது, பயிற்சி 4.00 மணிக்கு முடிகிறது, செலவாவது இரண்டரை மணித்தியாலம்தானே என்று ஆசிரியர்களாகிய நாங்கள் எண்ணிக்கொள்கிறோம். அட்டனிலோ தலவாக்கலையிலோ நகரப் பாடசாலைக்கு வந்து படிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. பஸ்ஸுக்குக் காத்து நின்று, பிரதான வீதியில் இறங்கி, தேயிலை மலைக்கு நடுவே இரண்டு கட்டை (மைல்) ஏறி லயத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி ஆறாகிவிடும். தென்மேல் பருவமழைக் காலத்தில் நனைந்த சப்பாத்தை அடுப்பருகே வைத்துவிட்டுத்தான் கொப்பியைத் திறக்க முடியும். ஆகவே, பயிற்சி முடியும் நேரத்தை அன்றி வீடு சேரும் நேரத்தை வைத்தே, வாரத்தில் எத்தனை நாள் நிற்கலாம் என்று தீர்மானிக்க வேண்டும். அரை மணி முன்னதாக விட்டால் முந்திய பஸ் கிடைக்கும் என்ற நிலையில், அந்தக் கடைசி அரை மணி நேரப் பயிற்சியின் உண்மையான விலை பல வேளைகளில் ஒன்றரை மணி நேரமாகும்.

தவறவிட்ட பாடத்தைக் கொப்பி பார்த்து எழுதிவிட்டால் போதும் என நினைப்பது அடுத்த தவறு. தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலை மட்டத்தில் தொடங்கி வலயம், மாகாணம், தேசியம் என மேலே செல்வதால், வெல்லும் பிள்ளைக்கே அதிக பாடவேளைகள் இழப்பாகின்றன. என் வகுப்பில் பேச்சுப் போட்டிக்குப் போய்வந்த மாணவி ஒருத்தி, காரணிப்படுத்தல் பாடம் முழுவதையும் தோழியின் கொப்பியிலிருந்து சிவப்புக் கோடிட்டு அழகாக எழுதி வைத்திருந்தாள். தவணைப் பரீட்சையில் நடு உறுப்பை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். வரலாற்றுக் குறிப்பைப் பார்த்து எழுதலாம்; கணிதத்தை யாராவது ஒருவர் பத்து நிமிடமாவது உட்கார்ந்து செய்துகாட்டத்தான் வேண்டும்.

மூன்றாவது தவறு எங்களுடையது. நன்றாகப் பேசும் பிள்ளையையே நாடகத்துக்கும், சாரணர் அணிக்கும், இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடைக்கும் பெயர் கொடுத்துவிடுகிறோம். மாசியில் தோட்டத்தில் காமன் கூத்துத் தொடங்கினால் அதே பிள்ளை இரவிலும் விழித்திருக்கும் என்பது எந்தப் பொறுப்பாசிரியரின் பட்டியலிலும் இருப்பதில்லை. (கூத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை, அந்த வாரங்களில் மாலைப் பயிற்சியைக் குறைக்கலாம்.)

சான்றிதழ் பல்கலைக்கழகத்துக்கு உதவும் என்ற நம்பிக்கையையும் சரிபார்க்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியைப் பிரதானமாகத் தீர்மானிப்பது உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசற் (Z) புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் ஆகும். நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களாகக் கருதப்பட்டு மேலதிக ஒதுக்கீடும் பெறுகின்றன. அசாதாரணத் திறமைக்கான சிறப்பு அனுமதி மிகச் சிலருக்கே கிடைக்கும். அதற்கும் உயர்தரத்தில் சித்தியடைந்திருக்க வேண்டும். விருப்பமில்லாத கழகத்தில் சான்றிதழுக்காகப் பெயரைப் பதிந்து வைப்பதால் மாலைப் பொழுதுதான் கழிகிறது.

இதற்கு நேர்மாறாக, சாதாரணதரப் பரீட்சைக்குரிய தரம் 11 வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. பெண் பிள்ளைகளுக்கே இது முதலில் நடக்கிறது. அப்படி மீதமாகும் நேரம் பெரும்பாலும் புத்தகத்துக்குப் போவதில்லை, கைத்தொலைபேசிக்கும் வீட்டு வேலைக்கும் போய்விடுகிறது. பிள்ளைக்கு மிகவும் பிடித்த ஒன்றை வாரத்தில் ஒரு நாளாவது விட்டுவைத்து, மற்றவற்றிலிருந்து பெயரை எடுத்துவிடலாம். பெற்றோர் பொறுப்பாசிரியரைச் சந்திக்கும்போது, “பிள்ளையை நிறுத்திவிடுங்கள் சேர்” என்று சொல்வதற்கு முன், எத்தனை மணி பஸ்ஸுக்கு விடுவீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.