திருகோணமலையில் மாணவர் ஆய்வுப் பயிற்சி: பங்காளரைத் தேடுவதிலிருந்து அறிக்கை கொடுப்பது வரை

ஒரு பல்கலைக்கழக மாணவர் நிறுவனம் ஒன்றிலோ ஊர்ச் சங்கம் ஒன்றிலோ இருந்து, அவர்களுக்கு உண்மையாகவே தேவைப்படும் ஒரு கேள்விக்கு ஆய்வு முறைப்படி விடை தேடுவதையே இங்கே ஆய்வுப் பயிற்சி என்கிறோம். கோப்பு அடுக்கி, வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவரும் பயிற்சி வேறு வகை. ஆய்வுப் பயிற்சியில் மாணவர், மேற்பார்வை விரிவுரையாளர், பங்காளர் என்று மூன்று தரப்பு உண்டு. ஒரு தரப்பு விலகினாலும் வேலை நின்றுவிடும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாக மாணவர்களையும் புதிதாக மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். பாட அலகுக்குப் பதிவது, சுயவிபரக் கோவை எழுதுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை என்பதால் இங்கே இல்லை.

படி 1: மணித்தியாலத்தையும் காற்றையும் கணக்குப் பாருங்கள்

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி வகுப்புப் பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 கற்றல் மணித்தியாலம். தொழிற்பயிற்சிக்கும் ஆய்வுக்கும் அது குறைந்தது 100. அப்படியானால் 6 கிரெடிட் பயிற்சிக்கு 600 மணித்தியாலம் வேண்டும். வாரத்துக்கு 40 என்று போட்டால் 15 வாரம். முன்பரிசோதனைக்கு 2, களத்துக்கு 8, பகுப்பாய்வுக்கு 3, அறிக்கைக்கு 2 என்று பிரியுங்கள். களத்துக்கு 12 வாரம் ஒதுக்கியவர்கள் கடைசியில் தரவை எக்செலில் வைத்துக்கொண்டு எழுத நேரமில்லாமல் நிற்பார்கள்.

அடுத்தது பருவம். வாடைக்காற்று தொடங்கினால் சிறு படகுகள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கும். கடலோடு தொடர்புள்ள எந்த ஆய்வின் களவேலையையும் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் வையுங்கள். அனுமதிக் கடிதங்களின் வேலையை முந்திய டிசெம்பரிலேயே தொடங்குங்கள். பரீட்சை கார்த்திகையில் முடிகிறது, மார்கழியில் களம் இறங்கலாம் என்ற திட்டம் கடற்கரை ஆய்வுக்கு உதவாது. அந்த மாதங்களில் களம் இறங்கியே ஆகவேண்டுமானால் ஆலை, வைத்தியசாலை, அலுவலகப் பதிவேடு போன்ற கூரைக்குள் நடக்கும் தலைப்பை எடுங்கள்.

படி 2: பங்காளர்

நிறுவனப் பங்காளர் என்றால் சீனக்குடாவின் மா ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும், சீமெந்து ஆலை, புல்மோட்டையின் கனிய மணல், நிலாவெளி ஹோட்டல்கள் எல்லாம் உடனே நினைவுக்கு வரும். இவற்றில் பலவற்றுக்குத் தலைமையகம் கொழும்பில். இங்குள்ள முகாமையாளர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார், ஆனால் கையெழுத்திடும் அதிகாரம் அவரிடம் இருக்காது. அதனால் முதல் சந்திப்பிலேயே "கடிதத்தை யார் பெயருக்கு எழுத வேண்டும், யார் கையொப்பமிடுவார்?" என்று கேளுங்கள். தலைமையகப் பதிலுக்கு 6 முதல் 8 வாரம் விட்டுவைப்பது நல்லது.

சமூகப் பங்காளர் என்றால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு போன்றவை. இங்கே தலைவரின் சம்மதம் மட்டும் போதாது. மாதாந்தக் கூட்டத்தில் விடயம் பேசப்பட்டு, கூட்டக் குறிப்பில் ஏறவேண்டும். தலைவர் மாறினாலும் பயிற்சி தொடர அந்த ஒரு வரிதான் ஆதாரம். கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் தகவல் கடிதம் கொடுங்கள். கடற்கரை வேலை என்றால் கடற்றொழில் பரிசோதகருக்கும் ஒன்று.

கனடாவில் 1999இல் தொடங்கிய, மாணவர் ஆய்வுப் பயிற்சிகளை நடத்தும் மைட்டாக்ஸ் அமைப்பின் முறையில் பங்காளர் தன் பங்குப் பணத்தைக் கட்டியே மாணவரை எடுக்கிறார். ஒரு பயிற்சி அலகு 4 முதல் 6 மாதம். பணம் கட்டியவர் வேலையைக் கவனிக்கவும் செய்வார் என்பது அந்த முறையின் பலம். நம் சங்கங்களிடம் பணம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் ஒரு மேசை, வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் பேச ஒரு பொறுப்பாளர், ஆய்வுக்கான ஐஸ் என்று ஏதாவது ஒரு பங்கை அவர்கள் ஏற்க வேண்டும். எதையும் ஏற்காத பங்காளர் ஐந்தாம் வாரத்தில் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

படி 3: முறைப்பாட்டைக் கேள்வியாக மாற்றுவது

பெரும்பாலான பயிற்சிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

பங்காளரிடம் "உங்களுக்கு என்ன ஆய்வு வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "தெரியாது, நீங்களே சொல்லுங்கோ" என்பார். அல்லது "எங்கட பிரச்சினை எல்லாத்தையும் ஆராய்ஞ்சு மேலிடத்துக்குக் குடுங்கோ" என்பார். இரண்டாலும் பயனில்லை. "போன மாதம் எதில் காசு போனது?" என்று கேளுங்கள். உடனே பேச்சு பிறக்கும்.

கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கத்துச் சங்கம் ஒன்று "ஐஸ் கரைஞ்சு போகுது, மீனுக்கு விலை விழுகுது" என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதை நான்கு சல்லடைகளால் சலிக்க வேண்டும். இதை அளக்க முடியுமா? 8 வாரத்தில் அளந்து முடியுமா? விடை எதுவானாலும் சங்கம் ஏதாவது ஒன்றை மாற்றிச் செய்யுமா? மாணவரின் பீடம் இதை ஆய்வாக ஏற்குமா? மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஐஸ் ஆலையின் விலையைச் சங்கத்தால் மாற்ற முடியாது, பெட்டியை மாற்ற முடியும். ஆகவே கேள்வி பெட்டியைப் பற்றியதாகிறது: "ஒரே அளவு மீனும் ஐஸும் போட்டால், றெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டியிலும் வெப்பக் காப்பிட்ட பைபர் (கண்ணாடியிழை) பெட்டியிலும் மீனின் நடுப்பகுதி வெப்பநிலை கரை சேரும்வரை எவ்வளவு வேறுபடுகிறது?"

இப்படிக் கேட்டால் திட்டம் தானாக அமைகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் 10 கிலோ மீன், 10 கிலோ ஐஸ். வெப்பநாட்டு மீன்பிடியில் மீனுக்கு ஐஸ் ஒன்றுக்கொன்று என்ற விகிதமே வழமையான பரிந்துரை. 30 பாகையிலுள்ள 10 கிலோ மீனைச் சுழியத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3 கிலோ ஐஸ்தான் செலவாகும். மிச்சம் 7 கிலோவும் பெட்டிச் சுவரால் உள்ளே வரும் சூட்டோடு போராடத்தான் இருக்கிறது. பெட்டி ஏன் முக்கியம் என்பதைச் சங்கத்துக்கு விளக்க இந்தக் கணக்கு போதும்.

இரண்டு பெட்டிகளும் ஒரே படகில், ஒரே நாளில் போகவேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். றெஜிபோம் ஒரு படகிலும் பைபர் இன்னொன்றிலும் போனால், தெரியும் வேறுபாடு பெட்டியால் வந்ததா, அந்தப் படகில் நிழல் இருந்ததாலா, அது முந்திக் கரை சேர்ந்ததாலா என்று எவராலும் பிரிக்க முடியாது. 6 படகு, படகுக்கு 8 தொழில் நாள் என்றால் 48 சோடிப் பதிவுகள் வரும். காற்றாலும் இயந்திரக் கோளாறாலும் சில போனாலும் ஆய்வு தாங்கும்.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: கேள்வி, அளக்கப்போவது, பங்காளருக்குக் கிடைப்பது, திகதி. மூன்று தரப்பும் ஒரே அறையில் இருந்து அதை வாசிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" வாங்குவது வாசித்ததாகாது.

படி 4: கடிதங்கள்

புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அது நிறுவனத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான பெரிய குடை, பேரவை வரை போய்வர மாதங்கள் எடுக்கும். ஒரு மாணவருக்கு இரண்டு பக்கப் பயிற்சி உடன்படிக்கை போதும். பீடாதிபதி, பங்காளர், மாணவர் கையொப்பமிடுவார்கள். நிறுவனமே பெரிய ஒப்பந்தத்தைக் கேட்டால் மட்டும் அந்த வழியில் போங்கள்.

உடன்படிக்கையில் தரவு பற்றிய பந்தியைக் கவனமாக எழுதுங்கள். "நிறுவனத்தின் அனுமதியின்றி எதையும் வெளியிடக்கூடாது" என்ற ஒரு வரிக்குச் சம்மதித்தால், மாணவரின் ஆய்வறிக்கையைப் பரீட்சகர் பார்ப்பதுகூடச் சிக்கலாகலாம். அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: வெளியீட்டுக்கு 30 நாட்கள் முன் வரைவு பங்காளருக்குக் கொடுக்கப்படும், இரகசியமான எண்களை நீக்கக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, பரீட்சைக்கான சமர்ப்பிப்பை எவரும் தடுக்க முடியாது. உற்பத்தி அளவைத் தர நிறுவனம் தயங்கினால், முதல் மாத அளவை 100 என்று வைத்து மற்ற மாதங்களைச் சுட்டெண்ணாகத் தரச் சொல்லுங்கள். பகுப்பாய்வு அப்படியே நடக்கும்.

மனிதரிடம் கேள்வி கேட்டால் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி முதலில், களம் பிறகு. பெயர், தொலைபேசி எண் சேகரித்தால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நினைவில் இருக்கட்டும். தேவையில்லாத விபரத்தைக் கேட்காமல் விடுவதே நல்ல பாதுகாப்பு. சம்மதப் படிவம் தமிழில் மட்டும் போதாது, கந்தளாய், சேருவில பக்கம் போனால் சிங்களப் படிவமும் வேண்டும். நிலாவெளிக்கு அப்பால் கடலிலுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா, அங்கே ஒரு பவளத் துண்டை எடுக்கவும் வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி தேவை. துறைமுகத்துக்குள்ளோ படையினரின் எல்லைக்கு அருகிலோ வேலை என்றால் நுழைவு அனுமதியைப் பங்காளர் மூலமே கேளுங்கள், படம் எடுக்கலாமா என்பதையும் எழுத்தில் கேட்டுவையுங்கள்.

படி 5: கருவிகள்

கேள்விக்கொத்துக்குக் கூகுள் ஃபோர்ம்ஸை விட்டுவிடுங்கள். தொலைபேசியில் கேள்விக்கொத்தை நிரப்ப உதவும் கோபோ டூல்பாக்ஸ் செயலியை எடுங்கள். சிக்னல் இல்லாத வாடியிலும் (மீனவர் தங்கும் கரைக் குடிலிலும்) பதியலாம், இரவு வீட்டுக்கு வந்து அனுப்பலாம். ஒரே படிவத்தில் தமிழும் சிங்களமும் வைக்கலாம்.

வெப்பநிலைக்கு டி.எஸ்.18பி20 உணரியும் அதன் அளவைப் பதியும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையும் மலிவானவை. உணரியில் போலிகள் நிறையச் சந்தையில் இருப்பதால் ஒவ்வொன்றையும் சோதியுங்கள்: நொறுக்கிய ஐஸில் நன்னீர் ஊற்றிக் கூழாக்கி, 10 நிமிடம் உணரியை வையுங்கள். சுழியம் காட்ட வேண்டும். 0.4 காட்டினால் அதை எழுதிவைத்துப் பின்னர் கழியுங்கள். கடல்நீர் ஊற்றினால் கூழ் சுழியத்துக்குக் கீழே போகும், சோதனை பிழையாகிவிடும். உணரியின் உருக்கு உறைக்குள் கம்பி நுழையும் முனையால்தான் உப்புநீர் ஏறும், அந்த இடத்தைச் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டு அடையுங்கள். நேரம் காட்டும் துண்டுக்கு டி.எஸ்.1307 வேண்டாம், நாளடைவில் நேரம் பிசகும். டி.எஸ்.3231 வாங்குங்கள்.

நிறுக்க 25 கிலோ தூக்குத் தராசு போதும். ஐஸை ஏற்றும்போது ஒருமுறை, கரை வந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு ஒருமுறை. உணரி முனை மீனின் தடித்த பகுதிக்குள் இருக்கட்டும். பெட்டிச் சுவரில் பட்டால் நீங்கள் அளப்பது சுவரை. கட்டி ஐஸை எவ்வளவு சிறிதாக உடைத்தார்கள் என்பதையும் பதியுங்கள், பெரிய கட்டி மெதுவாகக் கரைந்தாலும் மீனோடு ஒட்டாது.

படி 6: களம்

மாணவர் கடலுக்குப் போகத் தேவையில்லாதபடி திட்டம் போடுங்கள். கருவி போகட்டும், மாணவர் கரையில் நிற்கட்டும். தவிர்க்கவே முடியாவிட்டால் உயிர்காப்பு அங்கி, காப்புறுதி, பீடத்தின் எழுத்து அனுமதி மூன்றும் வேண்டும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வெள்ளிக்கிழமையைக் கள நாளாக வைக்காதீர்கள். நோன்பு மாதத்தில் மாலை நேரக் கூட்டம் வேண்டாம். வெளிச்சம் போட்டுப் பிடிக்கும் தொழில் நிலவு நாட்களில் குறைவதால் அந்த வாரத்தைத் தரவு உள்ளிடும் வேலைக்கு வையுங்கள்.

சம்மாட்டியிடம் (படகு உரிமையாளரிடம்) சம்மதம் வாங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து மூடும் தொழிலாளியிடம் பேசாமல் விடுவது பெரிய தவறு. பெட்டி எத்தனை தடவை திறந்தது என்று அவருக்கு மட்டுமே தெரியும். படம் போட்ட சிறிய அட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் கொடுங்கள், திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு.

ஆய்வுக்காக வைத்த மீன் பழுதானால் நட்டம் யாருக்கு? இதற்கு முதல் நாளுக்கு முன்பே விடை வேண்டும். வரவுசெலவில் ஒரு வரி ஒதுக்கி, அன்றைய கரை விலைக்கு மீனை வாங்கிக்கொள்ளுங்கள். உழைத்துப் பிடித்தவர் மாணவரின் பட்டத்துக்காக ஒரு ரூபாயும் இழக்கக்கூடாது. நேர்காணலுக்குக் காசு கொடுப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை.

படி 7: திருப்பிக் கொடுப்பது

ஆய்வறிக்கை பீடத்துக்குப் போகுமுன் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் முடிவைச் சொல்லுங்கள். 15 நிமிடம், ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம், ஒரு வரைபடம். "இந்த எண் பிழை, அன்றைக்கு ஐஸ் ஆலை பூட்டியிருந்தது" என்று அங்கே யாராவது சொன்னால் திருத்த இன்னும் நேரம் இருக்கும்.

பின்சேர்ப்பு

அனுப்பிய கடிதம் பிரதேச செயலகக் கணினியில் குறியீடுகளாகத் தெரிகிறது என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். பாமினியில் தட்டச்சு செய்து வேர்ட் கோப்பாக அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் வரும். யூனிகோடில் எழுதி, பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். கையொப்பமிட்ட அச்சுப் பிரதியையும் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

பங்காளர் தரப்புப் பொறுப்பாளர் நடுவில் இடமாற்றம் பெற்றுப் போனால் என்ன செய்வது என்று மூதூரிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார். உடன்படிக்கையில் இரண்டாவது பொறுப்பாளரின் பதவியையும் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள், ஆளின் பெயர் மட்டும் போதாது. ஏற்கெனவே அப்படி நடந்துவிட்டிருந்தால் படி 3இல் சொன்ன ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, விரிவுரையாளரையும் கூட்டிக்கொண்டு, புதிதாக வந்தவரை அந்த வாரத்துக்குள் நேரில் சந்தியுங்கள். அதே பக்கத்தின் கீழே அவரது கையொப்பத்தையும் திகதியையும் வாங்கினால் போதும், புதிய உடன்படிக்கை தேவைப்படாது.