பழ நாளில் ஆப்பிளுக்கு என்ன வேலை? கிருஷ்ணகிரி, தர்மபுரி பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘அடுத்த வெள்ளிக்கிழமை ஃப்ரூட்ஸ் டே’ என்று பள்ளி வாட்ஸ்ஆப் குழுவில் தகவல் வந்ததும் பெற்றோர் முதலில் ஓடுவது வாடகை டிரஸ் கடைக்கு. ஆப்பிள் வேஷம் தீர்ந்துவிட்டது என்றால் ஸ்ட்ராபெர்ரி, அதுவும் இல்லையென்றால் திராட்சைக் கொத்து. மேடையில் யு.கே.ஜி. பிள்ளை ‘ஐ ஆம் ஆப்பிள்’ என்று சொல்லிவிட்டு இறங்கும். கைதட்டல், போட்டோ, முடிந்தது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நீலம் ரக மாமரம் காய்த்துத் தொங்கிக்கொண்டிருக்கும். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆப்பிள் மேல் யாருக்கும் கோபம் இல்லை. அது காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் விளைகிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் மாமரமும் புளியமரமும் சூழ்ந்த ஊரில் பழ நாள் கொண்டாடிவிட்டு, மேசையில் ஒரு மாங்காய்கூட இல்லையென்றால் அந்த நாளை எதற்கு நடத்தினோம் என்று கேட்கத்தான் வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்த நிகழ்ச்சியில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் சில உண்டு.

முதல் தவறு தேதி. ஏதாவது ஒரு உலக தினத்தையோ, ஆண்டு விழாவுக்கு முந்திய வாரத்தையோ பார்த்துத் தேதி குறிக்கிறோம். மரம் அந்தத் தேதிக்குக் காய்க்காது. கிருஷ்ணகிரியில் மாம்பழம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூலை வரை வரும். அதில் பெரும்பகுதி கோடை விடுமுறையில் போய்விடுகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது அல்போன்சா, செந்தூரா எல்லாம் கடைசிக் கட்டத்தில் இருக்கும். நீலமும் பெங்களூராவும் இருக்கும். ஆகவே மாம்பழ நாள் என்றால் ஜூன் பிற்பாதிதான் சரி. கிருஷ்ணகிரியில் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியும் பெரும்பாலும் அந்த வாக்கில்தான் வரும்; பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனால் ஒரே கூடத்தில் வரிசையாகப் பல ரகங்களைப் பார்க்கலாம்.

மாம்பழத்தைத் தவறவிட்டாலும் பரவாயில்லை. ஜூலை, ஆகஸ்டில் நாவல். மழைக்காலத்தில் சீத்தாப்பழம், அதுவும் குன்றுகளில் தானாக முளைத்த மரங்களிலிருந்து கூடைகூடையாக இறங்கும். மார்கழி, தை வாக்கில் நெல்லியும் இலந்தையும். மாசி, பங்குனியில் புளி. கொய்யா, சப்போட்டா, பப்பாளி எப்போதும் எங்காவது கிடைக்கும். ஒரே நாளில் எல்லாப் பழத்தையும் அடுக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் கடைப் பழம் உள்ளே வருகிறது. வருஷத்தில் நாலு முறை, ஒவ்வொரு முறையும் ஒரே பழம் என்று வைத்தால் செலவும் குறையும், பாடமும் நிற்கும்.

அப்புறம், புளியை ஏன் யாரும் பழ நாளில் சேர்ப்பதில்லை? தர்மபுரி, கிருஷ்ணகிரி புளிக்கு வெளியூரிலும் பெயர் உண்டு. ரோட்டோரப் புளியமரங்களுக்கு ஏலம் நடக்கிறது. வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, நார் உரிக்கிறார்கள். அந்த வேலையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, புளி மளிகைச் சாமான் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளியையும் கூடவே வையுங்கள். தக்காளி காயா பழமா என்று நாலாம் வகுப்பில் ஒரு சண்டை மூட்டிவிட்டால் அந்தப் பீரியட் போதாது.

அடுத்தது ரகம். ‘மாம்பழம்: நிறம் மஞ்சள், சுவை இனிப்பு’ என்று சார்ட்டில் எழுதி ஒட்டுகிறோம். எந்த மாம்பழம்? பெங்களூராவுக்குக் கிளிமூக்கு, சதை கெட்டி, பெரும்பாலும் மாங்கூழ் ஆலைக்குப் போகிறது. செந்தூராவுக்குத் தோளில் சிவப்பு. இமாம்பசந்த் நன்றாகப் பழுத்த பிறகும் தோலில் பச்சை விடாது. கடைசியாகச் சொன்னது முக்கியம். ‘யார் பழம் அதிகக் கலர்’ என்று போட்டி வைக்கும் பள்ளிகள் உண்டு. அப்படி வைத்தால் பெற்றோர் தகதகவென்று மஞ்சளாக இருப்பதைத் தேடி வாங்குவார்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததும் அதில் வரும். கார்பைடால் பழுக்க வைத்த பழத்தை விற்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை மட்டும் அளவோடு பயன்படுத்தலாம். நிறத்தை வைத்துப் பழத்தை எடைபோடக் கூடாது என்பதை ஒரு இமாம்பசந்தை அறுத்துக் காட்டினாலே போதும்.

அறுப்பது என்றதும் ஞாபகம் வருகிறது: பழத்தை மேசையில் அடுக்கி, ரிப்பன் கட்டி, ‘தொடாதே’ என்று பலகை வைப்பதும் ஒரு தவறுதான். தராசு ஒன்று கொண்டுவாருங்கள். ஒரு நீலத்தை முழுதாக நிறுத்து, பிறகு தோல் தனியாக, கொட்டை தனியாக, சதை தனியாக நிறுக்கச் சொல்லுங்கள். பெங்களூராவையும் அப்படியே. எதில் சதை விகிதம் அதிகம், ஆலைக்காரர் ஏன் பெங்களூராவைக் கேட்கிறார் என்பதற்குப் பிள்ளைகளே ஒரு பதில் சொல்வார்கள். சதவீதக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே தேடுவது?

அறுக்கும்போது புழு வரும். ஜூன், ஜூலையில் மழை விழுந்த பிறகு நீலத்தில் அடிக்கடி வரும். உடனே ‘ச்சீ’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால், அன்றைய வகுப்பின் சிறந்த பகுதியைத்தான் குப்பைக்கூடையில் போடுகிறோம். சதையில் வெள்ளையாக நெளிந்தால் அது பழ ஈயின் புழு. முதிர்ந்த காயின் தோலைத் துளைத்து ஈ முட்டை வைத்திருக்கிறது. கொட்டையை உடைத்து உள்ளே கறுப்பாக ஒரு வண்டு இருந்தால் அது மாங்கொட்டைக் கூன்வண்டு. வெளியே ஓட்டையே இல்லாமல் உள்ளே எப்படிப் போனது என்று பிள்ளைகள் கேட்பார்கள். காய் பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டை வைத்துவிடும். பொரிந்த புழு சதை வழியாகக் கொட்டைக்குள் போய்விடும். காய் பருக்கப் பருக்க அது போன வழி மூடிக்கொள்ளும். ‘மாம்பழத்துக்குள் வண்டு தானாகப் பிறக்கிறது’ என்று வீட்டில் கேட்ட கதைக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். தோட்டக்காரர் கீழே விழுந்த அழுகல் காயை ஏன் பொறுக்கி அழிக்கிறார் என்பதும் புரியும்.

கொட்டை விஷயத்தில் இன்னொன்று. நிகழ்ச்சி முடிவில் ஆளுக்கொரு மாங்கொட்டையைக் கொடுத்து, ‘நட்டு வை, இதே பழம் கிடைக்கும்’ என்று அனுப்புவது வழக்கமாகிவிட்டது. கிடைக்காது. அல்போன்சா, நீலம் போன்ற நம் ரகங்களின் கொட்டையில் முளைக்கும் கன்று தாய் மரத்தைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்ததோ அதன் குணமும் கலந்திருக்கும். காய்க்கவும் பல வருஷம் ஆகும். மாங்கொட்டை நாள்பட வைத்தால் முளைப்புத்திறனும் போய்விடும், சில வாரத்துக்குள் நட்டாக வேண்டும். அதனால்தான் ஒட்டுக்கன்று. போச்சம்பள்ளி பக்கம் சந்தூரில் ஒட்டு மாங்கன்று நர்சரிகள் வரிசையாக இருக்கின்றன. கொட்டையில் முளைத்த செடியின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, நல்ல மரத்தின் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும் வேலை. ஒட்டுக் கட்டுகிறவர் ஒருவரைக் கத்தியோடு வகுப்புக்குக் கூப்பிடுங்கள். அவர் உங்கள் மாணவரின் மாமாவாகவோ அத்தையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். கொட்டை நடவே கூடாது என்றும் சொல்லவில்லை. நடட்டும், ஆனால் உண்மையைச் சொல்லி நட வையுங்கள்.

சிறப்பு விருந்தினராக யாரை அழைப்பது என்பதிலும் இதே தடுமாற்றம்தான். மேடைக்கு ஒரு பிரமுகர் வருவார், பழம் உடம்புக்கு நல்லது என்று பேசிவிட்டுப் போவார். காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வட்டாரத்துக்கு ஒரு தோட்டக்கலைத் துறை அலுவலகம் இருக்கிறது. முன்கூட்டியே கடிதம் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதைவிட, வகுப்பிலேயே இருக்கும் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். பறிப்பு எப்போது, காம்போடு பறித்துப் பால் எப்படி வடிய விடுவது, மண்டியில் கழிவு என்று எவ்வளவு கழித்துக்கொள்வார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பரீட்சையில் மார்க் வாங்காத பையன் அன்றைக்கு ஆசிரியராக நிற்பான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மாம்பழம் என்றாலே மகிழ்ச்சி என்று பேசிக்கொண்டே போகாதீர்கள். 2025 சீசனில் பெங்களூரா விலை படுபாதாளத்துக்குப் போனது; பறிகூலிகூடக் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளையின் முன்னால் ‘பழங்களின் அரசன்’ என்று பாட்டுப் பாடினால் அதன் காதில் எப்படி விழும்? விலையையும் பாடமாக்கலாம். ஒரு டன் காய், கிலோ இவ்வளவு, பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் போக மிச்சம் என்ன? ஆனால் எண்களை நீங்களே கற்பனையாகக் கொடுங்கள். ‘உங்கப்பாவுக்கு எவ்வளவு கிடைச்சது?’ என்று வகுப்பில் கேட்டுவிடாதீர்கள்.

மாம்பழ விழாவில் பாக்கெட் மாம்பழ ஜூஸ் கொடுப்பது வேடிக்கையான தவறு. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் குடிக்கும் முன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். மாங்கூழ் எத்தனை சதவீதம், சர்க்கரை எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். இந்த வகைப் பானத்தில் பழம் குறைந்தது 10 சதவீதம் இருந்தாலே விதிப்படி போதும். மீதி என்னவென்று பிள்ளைகளே சொல்லட்டும்.

பேச்சுப் போட்டியில் ‘இந்தப் பழம் சாப்பிட்டால் புற்றுநோய் குணமாகும், சர்க்கரை ஓடிப்போகும்’ என்று யூடியூபிலிருந்து எடுத்து ஒப்பிப்பார்கள். பரிசும் கொடுத்துவிடுகிறோம். வைட்டமின், நார்ச்சத்து என்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள், போதும்.

தகடூருக்கென்றே ஒரு பழக்கதை இருக்கிறது. தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி, மலைப்பிளவில் அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஒளவைக்குக் கொடுத்தான். அதை ஒளவை பாடியது புறநானூற்றின் 91ஆம் பாட்டு. பள்ளி நாடகங்களில் அதியமான் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும், இல்லாவிட்டால் பச்சைப் பிளாஸ்டிக் பந்து. சில இடங்களில் அரைநெல்லி. அரைநெல்லி வேறு மரம், வேறு இனம். நெல்லி சீசனில் அந்த நாடகத்தைப் போட்டு, பெருநெல்லியையே கையில் கொடுத்து, முடிந்ததும் பார்க்க வந்த பிள்ளைகளுக்கும் ஒரு துண்டு கொடுங்கள். கடித்து முகம் சுளித்த பிறகு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், தண்ணீர் இனிக்கும். தமிழ் ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் அன்றைக்கு ஒரே வகுப்பில் இருக்கலாம்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: காம்பு கிள்ளிய மாங்காயின் பால் வாயோரம் பட்டால் புண்ணாகும், கழுவிவிட்டுக் கொடுக்க வேண்டும். சீத்தாப்பழக் கொட்டையை நசுக்கவோ பொடிக்கவோ விடாதீர்கள். அந்தப் பொடி கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. கத்தி பெரியவர் கையில் மட்டும். எந்தப் பழம் எந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் முன்பே கேட்டுவிடுங்கள்.

தோப்புக்கு அழைத்துப் போவதாக இருந்தால் பழக்காலத்துக்குக் காத்திருக்காதீர்கள். ஜனவரியில் போங்கள். மாம்பூங்கொத்து ஒன்றில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூடப் பூ இருக்கும். தேனீயைவிட ஈக்கள்தான் அதிகமாக மொய்க்கும். ஆளுக்கொரு கொத்தில் கலர் நூல் கட்டிவிட்டு, மாதம் ஒரு முறை வந்து எத்தனை பிஞ்சு நிற்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். விடுமுறைக்கு முன் எண்ணும்போது ஒன்றோ இரண்டோ இருக்கும், பல நூல்களில் ஒன்றுமே இருக்காது. போவதற்கு முன் தோப்புக்காரரிடம் மருந்து எப்போது அடித்தார் என்று கேளுங்கள். அடித்த கையோடு பிள்ளைகளை உள்ளே விடக்கூடாது. தோப்பு பூவிலேயே குத்தகைக்குப் போயிருந்தால் நிலத்துக்காரர் சரி என்று சொன்னது போதாது, குத்தகை எடுத்த வியாபாரியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நாற்பது பிள்ளைகள் கிளையைப் பிடித்து இழுத்தால் உதிர்வது அவர் காசு.