சர்க்கரைப் பானங்களைக் குறைக்கச் சொல்லும் விளம்பரத்தை உருவாக்கும் முறை

சர்க்கரைப் பானங்களைக் குறைக்கச் சொல்லும் விளம்பரத்தை உருவாக்குபவர், முதலில் எண்ணைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக மாற்ற வேண்டும். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று மட்டும் எழுதினால் மனத்தில் எதுவும் பதியாது; அதையே ஏறத்தாழ ஒன்பது தேக்கரண்டிச் சர்க்கரையாகக் குவித்து, பானத்தின் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தால் விளக்கமே தேவைப்படாது. சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியதையும் அருகில் சேருங்கள்.

அச்சமூட்டும் உத்தியை மிகுந்த கவனத்துடன் கையாள வேண்டும். 2009-இல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை, பாட்டிலிலிருந்து ஊற்றப்படும் பானம் கோப்பையில் கொழுப்பாகக் குவிவதைக் காட்டியது. பார்த்தவர் எளிதில் மறக்க முடியாத படம் அது. ஆனால் அச்சத்தை எழுப்பிவிட்டு வழி சொல்லாமல் விட்டால், பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆகவே, இன்றே செய்யக்கூடிய ஒரு செயலை, அதாவது அந்த வேளைக்குத் தண்ணீர் குடிப்பதை, அதே படத்தில் சொல்லுங்கள். பருமனான உடலைக் கேலிப்பொருளாக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அது மனிதரைப் புண்படுத்துமே தவிர, பழக்கத்தை மாற்ற உதவாது.

பேசுபவர் யார் என்பதும் முக்கியம்: பெற்றோருக்குப் பல் மருத்துவரும், இளைஞருக்கு அவர் வயதொத்தவரும் பேசட்டும். வெளியிடுமுன், யாருக்காக எழுதினீர்களோ அவர்களில் சிலரிடம் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டுத் திருத்துங்கள்.