பிரியாவிடை மலர் செய்யப்போகும் பிள்ளையளுக்கு

மலர் அடிக்கிறதெண்டால் முதல் வேலை காசு சேர்க்கிறதும் இல்லை, அச்சகம் தேடுறதும் இல்லை. பெயர்ப் பட்டியல். அதையும் இப்போது வகுப்பில் இருக்கிறவையின் இடாப்பை மட்டும் பார்த்து எழுதினால் போதாது. ஆறாம் வகுப்பில் உங்களோடு வந்து சேர்ந்த எல்லாரையும் எழுதுங்கோ. சாதாரண தரத்தோடு வேறு பள்ளிக்கூடம் மாறினவை, குடும்பத்தோடு கனடா போனவை, வீட்டு நிலைமையால் இடையில் படிப்பை விட்டவை, உயர்தரத்துக்கு மட்டும் வெளியில் இருந்து வந்தவை, எல்லாரும் அந்தப் பட்டியலில் வரவேணும். எட்டு வருடத்தில் மூன்று வருடம் மட்டும் உங்கட வாங்கில் இருந்த பிள்ளைக்கும் அந்த மூன்று வருடம் உங்கட பள்ளிக்கூடந்தான். மலர் கையில் வந்த நாளில் தன்ர பெயர் இல்லை எண்டு ஒரு பிள்ளை பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடுகிற நிலைமை வரக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். பட்ச் பட்சாகப் பிள்ளையள் மலர் செய்யேக்க பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேலையைப் பதின்மூன்றாம் வகுப்பின் இரண்டாந் தவணையிலேயே தொடங்குங்கோ. "சோதினை முடியட்டும் ரீச்சர்" எண்டு சொல்லுவீங்கள். சோதினை முடிந்த கிழமையே ஒருத்தி கொழும்புக்குப் படிக்கப் போய்விடுவாள், ஒருத்தி லண்டனில் இருக்கிற அக்காவிட்டப் போய்விடுவாள், மிச்சப்பேர் நித்திரையில் இருப்பினம். ஒரு கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போதும். கணிதம், உயிரியல், வர்த்தகம், கலை என்று பிரிவுக்கு இரண்டு பேரைக் குழுவில் போடுங்கோ. விடுதிப் பிள்ளையள் இருந்தால் அவையில் ஒருத்தி கட்டாயம். இது ஏன் முக்கியமெண்டால், கணிதப் பிள்ளையளும் உயிரியல் பிள்ளையளும் சேர்ந்து செய்து, கலைப்பிரிவுக்கு ஒரே ஒரு பக்கம் ஒதுக்கின மலர்கள் என்ர அலுமாரியில் கிடக்கு. மேடையில் பேசினதும், நாடகம் போட்டதும், தமிழ்த்தினப் போட்டிக்கு ஓடித் திரிந்ததும் அந்தக் கலைப்பிரிவுப் பிள்ளையள்தான்.

இனி ஆக்கம். இதில்தான் மலர் நல்லாய் வருவதும் பழுதாவதும். "பள்ளி நினைவுகள் பற்றிக் கட்டுரை தாங்கோ" எண்டு ஒருநாளும் அறிவித்தல் போடாதேங்கோ. போட்டால் என்ன வரும் எண்டு எனக்குத் தெரியும்: எங்கள் கல்லூரி அன்னை, அறிவுக் கோயில், கண்கண்ட தெய்வங்களான ஆசிரியர்கள், சிறகடித்துப் பறந்த பொற்காலம். நாற்பது பேர் எழுதினால் நாற்பதும் ஒண்டுதான். பிள்ளையளில் பிழை இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து புள்ளி எடுக்கிறதுக்கு அப்படி எழுதத்தான் நாங்கள் பழக்கினோம். ஆனால் பத்து வருடம் கழித்து அந்த மலரைத் திறக்கிற ஒருத்திக்கு அதில் தன்ர வகுப்பு தெரியாது.

அதற்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கேள்வி கேளுங்கோ. கன்ரீனில் இடைவேளைக்கு மணி அடிச்சவுடன் முதல் முடிஞ்சு போற சாமான் என்ன? காலைப் பிரார்த்தனையில் உனக்கு முன்னுக்கு நிண்டது ஆர், அவளின்ர பின்னலில் றிபன் எப்பிடிக் கட்டியிருக்கும்? சைக்கிள் தரிப்பிடத்தில் உன்ர சைக்கிளுக்குப் பக்கத்தில் ஆற்ற சைக்கிள் நிக்கும்? மாரி மழைக்கு எந்த வகுப்பறையில் பாடம் கேக்காது? பள்ளிக்கூடம் விட்டு ரியூசனுக்குப் போற இடைவெளியில் எங்க இருந்து சாப்பிட்டனீங்கள்? கொம்பாசால் மேசையில் பெயர் கீறினது ஆர்? இப்படிக் கேட்டால் "அன்னை மடி" வராது, ஆளும் இடமும் சாமானும் வரும்.

கேள்வியைத் தாளில் குடுத்து அனுப்பாமல், நாலைந்து பேரை ஒன்றாக இருத்திக் கேளுங்கோ. முடிந்தால் சம்பவம் நடந்த இடத்திலேயே இருத்துங்கோ: மைதான ஓரம், ஆய்வுகூட விறாந்தை, மேடைக்குப் பின்பக்கம். போனில் ஒலிப்பதிவைப் போட்டு நடுவில் வைத்துவிட்டு, ஒருத்தியும் எழுதாமல் கதையுங்கோ.

ஒருமுறை பிள்ளையள் இப்படி இருந்து, இல்ல மெய்வல்லுனர் போட்டிக்கு இல்லம் சோடித்த கதையைத் தொடங்கினவை. நான் பக்கத்தில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். "காலமை வந்து பாக்க கிறேப் பேப்பர் முழுக்க ஊறித் தொங்குது" எண்டாள் ஒருத்தி. "இல்லையடி, மழை வந்தது நாங்கள் நிக்கேக்க. அதாலதானே என்ர சட்டையெல்லாம் நீலம்" எண்டாள் மற்றவள். மூன்றாமவள் இடையில் புகுந்து, "நீ எங்கட இல்லமே இல்லையே, நீ எப்பிடி அங்க நிண்டனி?" எண்டு கேட்டாள். அதற்கு அவள் சொன்ன பதில்: "உங்கட ரெஜிபோம் மயிலை மழையில நனையாமல் ஹோலுக்குள்ள தூக்கிக்கொண்டு ஓடினதே நான்தானே. நீங்கள் எல்லாரும் சோடிச்ச சீலையளைக் கழட்டிக்கொண்டு நிண்டனீங்கள்." அதுவரை பேசாமல் இருந்த பிள்ளை, "அந்தச் சட்டை இன்னும் உன்ர வீட்டில கிடக்கா?" எண்டு கேட்க, அடுத்தநாள் அந்த வெள்ளைச் சட்டை வந்தது. தோளில் இருந்து இடுப்பு வரை நீலம் ஓடியிருந்தது. அதை மேசையில் விரித்துப் படம் எடுத்து, கீழே நாலு பேர் சொன்னதையும் சொன்னபடியே போட்டவை. எதிர் இல்லத்துப் பிள்ளை மயிலைக் காப்பாற்றின கதை எந்தக் கட்டுரையிலும் வந்திராது.

மழை காலமை வந்ததா, நிக்கேக்க வந்ததா எண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டையும் போடுங்கோ. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதேக்க "எங்கட", "நிண்டனாங்கள்", "போகேல்லை" எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவற்றை "எங்களுடைய", "நின்றோம்" எண்டு மாற்றினால் குரல் போய்விடும். திரும்பத் திரும்ப வருகிற சொல்லை மட்டும் வெட்டுங்கோ.

ஆசிரியர்களைப் பற்றியும் இதே மாதிரித்தான். "எந்த ரீச்சர் உனக்கு என்ன செய்தவ?" எண்டு கேளுங்கோ. சட்டை மடிப்புப் பிரிந்தால் கைப்பையில் இருந்து சேப்டி பின் எடுத்துத் தாற மிஸ், காலமை சாப்பிடாமல் வந்த பிள்ளையைக் கூப்பிட்டுத் தன்ர சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த ரீச்சர், வகுப்பு அலுமாரியின் கீழ்த்தட்டில் பாட் வாங்கி வைத்துவிட்டு "கேக்காமல் எடுங்கோ பிள்ளையள்" எண்டு சொன்ன ரீச்சர். கடைசியாய்ச் சொன்னதை அச்சில் போடலாமோ எண்டு பிள்ளையள் தயங்குவினம். போடுங்கோ. பெண்பிள்ளையள் படிக்கிற இடத்தில் அது பெரிய காரியம். முதல்முதல் மாதவிடாய் வந்த நாளில் சிக் றூமில் பக்கத்தில் இருந்தவளை ஒரு பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது. கூட்டுகிற அம்மாவையும் காவலாளி ஐயாவையும் கன்ரீன் அன்ரியையும் விட்டுவிடாதேங்கோ. அவையிட்ட நேரே போய்க் கதைத்து, அவைக்கு உங்கட பட்ச் எப்படித் தெரிந்தது எண்டு கேட்டு எழுதுங்கோ.

உங்களில் கனபேரின் அம்மாமாரும் இதே பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள். அவைக்கென்று சில பக்கங்கள் வையுங்கோ. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. எங்கட பட்சுக்கு மலர் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்த இரவில் ஆற்ற கையிலும் ஓட்டோகிராப் கொப்பி இருக்கவில்லை. பிறகு தென்மராட்சியில் வேறு பள்ளிக்கூடங்களின் கட்டடங்களில் பின்னேர வகுப்பு நடந்தது. வீடு திரும்பினபோது அல்பம் இருந்த வீடு சில, இல்லாத வீடு பல. அந்த வருடங்களில் மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, நடுவில் திரி வைத்துக் கொளுத்துவோம். கண்ணாடி காற்றை மறைக்கும், எண்ணெயும் மிச்சம். அதைச் சுற்றி அக்கா தங்கச்சி எல்லாரும் இருந்து படித்தோம். காலமை மூக்குத் துவாரம் கறுப்பாய் இருக்கும். உங்கட அம்மாவிடம் அந்த விளக்கைச் செய்து காட்டச் சொல்லிப் படம் எடுத்துப் போடலாம்.

"எங்கட காலத்தில் ஒண்டும் நடக்கேல்லையே ரீச்சர்" எண்டு பிள்ளையள் சொல்லுவினம். நடந்தது. 2018இல் ஆறாம் வகுப்புக்கு வந்தவைக்கு எட்டாம் வகுப்பில் கொரோனா வந்து பள்ளிக்கூடம் பூட்டினது. வீட்டில் ஒரே ஒரு போன், அதில் மூன்று பேருக்கு சூம் வகுப்பு. 2022இல் நாட்கணக்கில் பெற்றோல் வரிசை, ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. எந்த மரத்தடியில் சிக்னல் வந்தது, ஆற்ற வீட்டுக் கூரையில் ஏறி ஒப்படை அனுப்பினனீங்கள், அப்பா வரிசையில் நிற்கேக்க ஆற்ற சைக்கிளில் டபிள் போனனீங்கள் எண்டு கேளுங்கோ. அம்மாவின் விளக்கும் மகளின் போன் வெளிச்சமும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரட்டும்.

பள்ளிக்கூட வரலாறு அரைப் பக்கம் போதும். உடுவில் மகளிர் கல்லூரி 1824, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி 1896, இராமநாதன் கல்லூரி 1913, யாழ். இந்து மகளிர் கல்லூரி 1943 என்று ஒவ்வொரு பள்ளிக்கூடத்தின் தொடக்கமும் நூற்றாண்டு மலரிலும் பவளவிழா மலரிலும் விரிவாகவே இருக்கு. உங்கட எட்டு வருடந்தான் இன்னும் ஒரு இடத்திலும் இல்லை. ஆசிச்செய்தியும் அப்படியே. அதிபர், பகுதித் தலைவி, வகுப்பாசிரியர்கள், அவ்வளவுதான். அரைவாசி மலரை ஆசிச்செய்தி பிடித்தால் பிள்ளையளுக்கு இடம் எங்கே? எல்லாவற்றுக்கும் முதல் அதிபரிடம் எழுத்தில் அனுமதி எடுங்கோ.

போடக்கூடாததும் இருக்கு. போன் இலக்கம், வீட்டு விலாசம், பிறந்த திகதி ஒண்டும் வேண்டாம். முந்தி ஓட்டோகிராப்பில் எழுதினோம், அது கூட்டாளியின் கையில் இருந்தது. இப்போது ஒரு பக்கத்தைப் படம் பிடித்தால் ஊர் முழுக்கப் போய்விடும். பட்டப்பெயர் போடுவதெண்டால் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கேளுங்கோ, கூட்டத்துக்குள் கேட்டால் "பரவாயில்லை" எண்டுதான் சொல்லுவாள். காதல் கதை யாருடையதும் வேண்டாம். உங்கட பட்சில் ஒரு பிள்ளை காலமாகியிருந்தால், எழுதினதைத் தாய் தகப்பனிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டி, படத்தையும் அவையே தெரிந்து தரட்டும்.

படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கோ. ஆறு அங்குல அகலத்துக்குப் படம் தெளிவாக விழ 1800 பிக்சல் வேணும். குழுப் படத்தின் கீழே வரிசை வரிசையாக, இடமிருந்து வலமாக எல்லாப் பெயரையும் எழுதுங்கோ. இருபது வருடத்துக்குப் பிறகு மூன்றாவது வரிசையில் நிக்கிறது ஆரெண்டு தெரியாமல் தலையைப் பிய்க்கிற பழைய மாணவிகளை நான் கண்டிருக்கிறேன்.

ரைப் செய்கிறது யூனிகோட்டில் இருக்கட்டும். எங்கட அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துரு ஓடுது. பாமினியில் அடித்தது கண்ணுக்குத்தான் தமிழ், கொம்பியூட்டருக்குள்ளே அது ஆங்கில எழுத்து. பிறகு பெயரைத் தேடினால் வராது. அச்சகத்துக்கு மாற்றிக் குடுத்தாலும் யூனிகோட் பிரதியை உங்களிட்ட வைத்திருங்கோ, மாற்றினபிறகு கிரந்த எழுத்துகளை ஒருக்கால் பாருங்கோ. இன்னொண்டும் பாருங்கோ: கௌரி, கௌசல்யா, சௌமியா எண்டு பெயர் உள்ள பிள்ளையள் எந்த பட்சிலும் இருப்பினம். அந்த ஔகாரக் குறியைப் போடாமல், கொம்புக்குப் பிறகு 'ள' எழுத்தை அடித்துவிடுகிறவை கனபேர். தாளில் வித்தியாசம் தெரியாது, தேடுதலில் அந்தப் பிள்ளை காணாமல் போய்விடும். புரூவ் வந்தவுடன் ஒவ்வொருத்தியும் தன்ர பெயரையும் முதலெழுத்தையும் தானே பார்த்துப் பக்கத்தில் கையொப்பம் வைக்கவேணும்.

அச்சகத்தில் மூன்று இடத்தில் விலை கேளுங்கோ. பக்கங்கள் எட்டின் மடங்காக வந்தால் தாள் வீணாகாது. வர்ணப் பக்கங்களை ஒரே இடத்தில் சேர்த்தால் செலவு குறையும். விளம்பரம் கேட்கக் கடைக்குப் போகேக்க இரண்டு பேருக்குக் குறையாமல் போங்கோ, பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு போங்கோ. காசு குடுக்க ஏலாத பிள்ளைக்கும் ஒரு பிரதி இருக்கவேணும். அதை முதலே கணக்கில் போட்டால் ஆரும் ஆரையும் கேட்கத் தேவையில்லை.

அடித்து முடிந்தபிறகு பாடசாலை நூலகத்துக்கு இரண்டு, யாழ். பொது நூலகத்துக்கு ஒன்று குடுங்கோ. 1981இல் அந்த நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பி வரவே இல்லை. ஆகவே ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் கொண்டுபோய்க் குடுங்கோ. 2005இல் இருந்து எங்கட நூல்களையும் பாடசாலை மலர்களையும் ஸ்கான் செய்து இணையத்தில் ஏற்றுகிறவை அவைதான். பிள்ளையளின் படங்கள் இருக்கிறபடியால் ஏற்ற முதல் பட்சில் எல்லாரின்ர சம்மதத்தையும் எடுங்கோ. ஒலிப்பதிவுகளை அழிக்காமல், திகதியும் கதைத்தவையின் பெயரும் போட்டு இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றை இங்கே இருக்கிற ஒருத்தியும் மற்றதை வெளிநாட்டில் இருக்கிற ஒருத்தியும் வைத்திருங்கோ. கனடா போன பிள்ளைக்கு பிடிஎப் அனுப்பினால் போதும் எண்டு நினைக்காமல், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போற ஆரிட்டயாவது புத்தகத்தையே குடுத்துவிடுங்கோ.